கொழும்புப் புழுக்கத்தில் நாலைந்து கோழி வளர்ப்பது எப்படி

கொழும்பில் கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது வெயிலைப் பற்றித்தான். இந்த வெக்கையைக் கோழி தாங்குமா என்று. தாங்கும். ஆனால் இங்கே கோழியை வாட்டுவது வெயிலைவிட காற்றில் இருக்கும் ஈரம். இதைப் புரிந்துகொண்டு கூட்டைக் கட்டினால் மற்ற வேலைகளில் பாதி தானாகக் குறைந்துவிடும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் சூடு சாதாரணமாகவே 41 பாகை செல்சியஸுக்குக் கிட்ட இருக்கும். சூடு கூடினால் அது முக்கியமாகச் செய்வது இரண்டு காரியம்: செட்டையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிக்கும், வாயைத் திறந்து மூச்சிரைக்கும். மூச்சிரைக்கும்போது தொண்டையிலும் மூச்சுப்பையிலும் உள்ள ஈரம் ஆவியாகி, அதோடு சூடும் வெளியேறுகிறது. கொழும்பில் பகல் வெப்பநிலை வருடம் முழுக்க 30, 31 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். கோழி மூச்சிரைக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான். அநுராதபுரம், வவுனியா பக்கம் வெப்பமானி இதைவிட மேலே போகும் நாட்கள் உண்டு, ஆனால் வறண்ட காலத்தில் அங்கே மூச்சில் வரும் ஈரம் உடனே ஆவியாகிவிடும். இங்கே காற்றே ஏற்கனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் கோழி எவ்வளவு மூச்சு வாங்கினாலும் சூடு சரியாக இறங்குவதில்லை. அதனால்தான் வறண்ட நாட்டுக்காரர்கள் சொல்லும் யோசனைகளை அப்படியே இங்கே செய்யக்கூடாது. முக்கியமாக, கூட்டுக்குள் தண்ணீரைப் பனிபோல் தெளிக்கும் குழாய் பூட்டுவது. காற்று ஓடாத கூட்டில் அதைச் செய்தால் கோழியை ஆவியில் வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஆகவே இங்கே பார்க்க வேண்டியது இரண்டு: காற்று ஓடவேண்டும், தரை காய்ந்திருக்கவேண்டும்.

எத்தனை, எந்தக் கோழி

ஆறு, ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு போக மிஞ்சுகிற பின்வளவுக்கு நாலு பேடு போதும், ஆறு என்பது உச்சம். ஆறு நல்ல முட்டைக்கோழி இருந்தால் ஒரு குடும்பம் தின்று மிஞ்சும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தீவனமில்லாமல் பண்ணைகள் சுருங்கி, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்கிற நிலைமை வந்தபோது பலர் அவசரத்தில் ஒரே கூட்டில் பதினைந்து, இருபது கோழி அடைத்தார்கள். வெப்ப நாட்டில் இட நெரிசல்தான் கோழியின் முதல் எதிரி. ஒவ்வொரு கோழியும் ஒரு சின்ன அடுப்பு. பத்து அடுப்பை ஒரு சின்ன அறையில் வைத்துவிட்டு மின்விசிறி தேடுவதில் அர்த்தமில்லை. இரவில் அடையும் கூட்டுக்குள் ஒரு கோழிக்கு 3 முதல் 4 சதுர அடி, வெளியே மேய்கிற அடைப்பில் 8 முதல் 10 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் அதற்கு இல்லையென்றால் கோழியைக் குறையுங்கள், கணக்கைக் குறைக்கவேண்டாம்.

சேவல் வேண்டாம். முட்டையிட பேட்டுக்குச் சேவல் தேவையே இல்லை, இது இன்னும் பலருக்குத் தெரியாத விஷயம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய இடத்தில் விடிய நாலு மணிக்குக் கூவுகிற சேவலால் அயலாரோடு மனஸ்தாபம் வரும். இன்னொரு காரணமும் இருக்கிறது. சேவல் சேர்ந்த முட்டையை இங்கத்தைய அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் வைத்தாலே உள்ளே கரு வளரத் தொடங்கும். சேவலில்லாத முட்டைக்கு அந்தப் பிரச்சினை கிடையாது.

இனம் என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வழி. பழுப்பு முட்டை இடும் கலப்பினப் பேடு வருடத்துக்கு முந்நூறு வரை இடும், ஆனால் நல்ல தீவனம் கேட்கும், வெக்கையில் சட்டென்று வாடும். ஊர்க்கோழி அதில் மூன்றில் ஒரு பங்கு இட்டாலே பெரிய விஷயம், ஆனால் உடம்பு சின்னது, கால் நீளம், சூடு தாங்கும், நோய்க்கும் கொஞ்சம் நின்று பிடிக்கும். ஊர்க்கோழியில் கழுத்தில் இறகே இல்லாத வகை ஒன்று உண்டு. பார்க்க அழகில்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதைத்தான் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இறகில்லாத அந்தக் கழுத்து வழியாகச் சூடு நேரே வெளியேறுகிறது, வெப்ப நாடுகளுக்கு உகந்த இனங்களை உருவாக்குகிறவர்கள் அந்தக் குணத்தைத் தேடியே போகிறார்கள். அது கிடைத்தால் விடாதீர்கள். முதல்முறை வளர்ப்பவர்கள் குஞ்சில் தொடங்காமல் 16, 18 வாரப் பேடாக வாங்குவது நல்லது. வாங்கும்போது என்னென்ன தடுப்பூசி போட்டாயிற்று என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

காசைக் கொடுப்பதற்கு முன் இன்னொன்று. உங்கள் வீடு மாநகர சபைக்குள் வருகிறதா, நகர சபையா, பிரதேச சபையா என்று பார்த்து, அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கோழி வைப்பது பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டு அன்ரியிடமும் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஆறு முட்டை கொடுத்தால் உறவு நன்றாகவே இருக்கும்.

கூடு

நீளவாட்டை கிழக்கு மேற்காக வையுங்கள். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில்தான் விழும், நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்து நிழலாக இருக்கும். அந்தக் குறுகிய பக்கங்களை மட்டும் பலகையால் அடைத்து, நீண்ட இரண்டு பக்கங்களையும் கம்பி வலையாக விடுங்கள். கீழே ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்துக்குக் கல் கட்டலாம். அதற்குமேல் முழுக்கத் திறந்திருக்கவேண்டும். நாலு பக்கமும் பலகை அடித்து, சின்ன யன்னல் வைத்து, கதவுக்கு வண்ணம் பூசிய அழகான கூடுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. அவை பனி பெய்கிற நாடுகளுக்கு. இங்கே அவை கோழியைக் கொல்லும்.

கூரைக்குத் தகரம் மலிவு, ஆனால் வெறும் தகரத்துக்குக் கீழே பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் கையை நீட்டிப் பாருங்கள், சூடு கீழ்நோக்கி இறங்குவது தெரியும். தகரத்துக்குமேல் கிடுகு வேயுங்கள், இரண்டுக்கும் நடுவே கம்பு வைத்து நாலு விரல் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. கிடுகு கிடைக்காவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது கூரைமேல் பாசன் பழக் கொடியைப் படரவிடுங்கள். கூரையின் உயரம் ஆறு அடிக்குக் குறையக்கூடாது, முகட்டில் சூட்டுக்காற்று வெளியேற ஒரு இடைவெளி வேண்டும். மாமரத்துக்குக் கீழே இடம் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. மின்விசிறியை நம்பிக் கூடு கட்டவேண்டாம். 2022இல் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்த நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள், மின்சாரமே இல்லாமல் மூச்சு விடுகிற கூடுதான் கூடு. அதற்குப் பிறகு வேண்டுமென்றால் ஒரு சின்ன ஃபேன் வைக்கலாம்.

மே தொடக்கம் தென்மேல் பருவமழை சாய்வாக அடிக்கும். தெற்கிலும் மேற்கிலும் கூரையை மூன்று அடியாவது வெளியே நீட்டுங்கள். மழை நேரத்தில் இறக்கி, நின்றதும் சுருட்டி மேலே கட்டுகிற மாதிரி ஒரு தறப்பாள் போதும். மறந்து இறக்கிய தறப்பாளை இரண்டு நாள் அப்படியே விட்டால் உள்ளே காற்று நின்று, தரை ஈரமாகி, நாற்றம் தொடங்கும். கடலுக்குக் கிட்ட, வெள்ளவத்தை, கல்கிசைப் பக்கம் இருப்பவர்கள் சாதாரண நாகமுலாம் பூசிய வலையை வாங்கினால் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட வலை விலை கூடினாலும் அதுதான் நிலைக்கும்.

வலை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அறுகோணக் கண் போட்ட மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வெளியே இருப்பதை நிறுத்தாது. கொழும்பில் என்ன இருக்கப்போகிறது என்று நினைக்கவேண்டாம். தெருநாய், கீரி, மரநாய், எலி, சாரைப்பாம்பு, உடும்பு எல்லாம் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. கொழும்பு 2018இல், ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர். பத்தரமுல்லை, தலவத்துகொடைப் பக்கத்துச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனைகூட வாழ்கிறது. அது அருகிவரும், சட்டம் பாதுகாக்கும் விலங்கு, பொறியோ நஞ்சோ வைக்க நினைக்கவே கூடாது. அவை அங்கே இருப்பது இந்த நகரத்துக்குப் பெருமை, கோழியைப் பாதுகாப்பது நம்முடைய பொறுப்பு. அரை அங்குலக் கண்ணுள்ள, ஒட்டுப்போட்ட கட்டிக்கம்பி வலையைப் போட்டு, அடியில் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணுக்குள் புதைத்து, கதவுக்கு இரண்டு கொண்டி வைத்து, மைம்மலுக்குள் பூட்டிவிட்டால் பயமில்லை. ஒரு கொண்டியை மரநாய் கிளப்பிவிடும்.

உள்ளே இரண்டு அங்குல அகலச் சட்டம் ஒன்றைக் கோழிக்கு எட்டு அங்குலம் வீதம் கணக்குப் பார்த்துக் குறுக்கே பூட்டுங்கள், இரவில் அதில்தான் அடையும். வெக்கை இரவுகளில் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி உட்கார இடம் வேண்டும், அதனால் இன்னும் கொஞ்சம் நீளமாகவே விடலாம். முட்டையிட ஒரு அடிச் சதுரப் பெட்டி, நாலு பேட்டுக்கு ஒன்று.

தரைக்கு உமி அல்லது மரச்சீவல். பொடியான மரத்தூள் ஈரத்தில் கட்டிபட்டுவிடும், தூசியும் மூச்சுக்குள் போகும். குளிர் நாடுகளில் அரை அடி ஆழத்துக்குப் போட்டு அது மக்கும் சூட்டில் கோழியை வைத்திருப்பார்கள். நமக்கு அந்தச் சூடு வேண்டாம், இரண்டு மூன்று அங்குலம் போதும். வாரத்துக்கு இரண்டு முறை கிளறி, நனைந்த இடத்தை அள்ளி எறிந்து, புதிதாகப் போடுங்கள். தரை சரியாக இருக்கிறதா என்று அறிய, குந்தி இருந்து கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கு எரிந்தால் அங்கே அமோனியா நிற்கிறது, நின்றபடி மணந்தால் அது தெரியாது. இரத்தக் கழிச்சல் என்கிற கொக்சிடியோசிஸ் நோயும் ஈரத்தரையில்தான் பெருகும், அதனால் மழைமாதங்களில் இந்த வேலையில் சோம்பல் கூடாது.

தண்ணீரும் தீனும்

ஒரு பேடு சாதாரண நாளில் கால் லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும், வெக்கையில் அதைப்போல இரண்டு மடங்கும் குடிக்கும். ஆனால் தண்ணீர் சூடாக இருந்தால் குடிக்காது, தாகத்தோடு நிற்கும். இங்கே எல்லாருடைய வீட்டிலும் கூரைமேல் கறுப்புத் தாங்கிதான். மத்தியானம் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், அதை அப்படியே கோழிக்கு ஊற்றாதீர்கள். விடியற்காலையில் இரண்டு வாளி பிடித்து நிழலில் மூடி வையுங்கள், கிணறு இருக்கிறவர்கள் கிணற்றுத் தண்ணீரையே பாவியுங்கள். மண்சட்டி நல்லது, அதன் சுவரில் ஈரம் கசிந்து தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும். இரண்டு இடத்தில் வையுங்கள், அதிகாரம் செய்கிற பேடு ஒன்று எப்போதும் இருக்கும், அது ஒரு சட்டியைக் காவல் காத்தால் மற்றது தாகத்தில் நிற்கும். காலை, பதினொரு மணி, மூன்று மணி என்று தண்ணீரை மாற்றுங்கள்.

சட்டியை வெறுமனே கவிழ்த்து நிரப்பினால் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு தண்ணீர் விளிம்புக்குச் சற்றுமேல், பாத்திரத்தின் சுவரில்தான் முட்டை ஒட்டும். அது காய்ந்து கிடந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கோழி வளர்க்கிற வீடுகளில் தண்ணீர்ச்சட்டி, தீன் தட்டு, மழைநீர் நிற்கும் தறப்பாள் மடிப்பு என்று நுளம்புக்கு இடம் அதிகம். கோழிக்கு வரும் அம்மையையும் நுளம்பு பரப்பும். ஆகவே இது ஊருக்காகவும் உங்கள் கோழிக்காகவும் செய்கிற வேலை.

தீனில் நேரம்தான் முக்கியம். தின்றதைச் சமிக்கும்போது உடம்புக்குள் சூடு பிறக்கிறது, அந்தச் சூடு தின்று சில மணிநேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஒன்பது, பத்து மணிக்கு வயிறு நிறையத் தின்ற கோழிக்கு, வெயில் கொளுத்தும் ஒரு மணிக்கு உள்ளேயிருந்தும் சூடு ஏறும். விடிய ஐந்தரை ஆறு மணிக்குள் முதல் தீன், பிறகு ஒன்பது மணிக்குமுன் தட்டை எடுத்துவிடுங்கள், மாலை நாலரைக்குப் பிறகு மீதி. மார்ச், ஏப்ரலில், அதுவும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிற ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி, தென்மேல் காற்று இன்னும் தொடங்காமல் இலை அசையாமல் நிற்கும் நாட்களில் இதைக் கண்டிப்பாகச் செய்யவேண்டும்.

ஒரு பேட்டுக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம் முட்டைக்கோழித்தீன். வெக்கையில் அது குறைவாகவே தின்னும், ஆகவே தின்கிற கொஞ்சத்தில் சத்து இருக்கவேண்டும். மிஞ்சின சோறும் பாணும் போட்டு வயிற்றை நிரப்பினால் முட்டை நின்றுவிடும். சோறு கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, மாலையில் ஒரு பிடி கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம். முருங்கை இலை, கங்குன், பப்பாசிப் பழத்தோல் எல்லாம் நல்லது. மத்தியானத்தில் தீனுக்குப் பதிலாக வெள்ளரிக்காய்த் துண்டு, வத்தகப்பழத் தோல் போட்டால் தண்ணீரும் உள்ளே போகும், சூடும் ஏறாது.

தேங்காய்ப் புண்ணாக்கு விஷயத்தில் கவனம். மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் இந்த ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணம் உண்டாக்குகிற அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு கோழியின் ஈரலை அழிக்கும், வெயிலில் காயவைத்தாலும் சமைத்தாலும் அது போகாது. தீனையும் அப்படித்தான், விலை குறைகிறது என்று பெரிய மூடையாக வாங்காமல் இரண்டு வாரத்துக்கு அளவாக வாங்கி, மூடியுள்ள வாளியில், தரையில் படாமல் கல்லின்மேல் வையுங்கள். பூஞ்சண மணம் வந்தால் யோசிக்காமல் எறியுங்கள்.

முட்டை ஓடு மெல்லிசாகிறது என்று பலர் சொல்வார்கள். அதற்கும் வெக்கைக்கும் நேரான தொடர்பு உண்டு. ஓயாமல் மூச்சிரைக்கும்போது கோழியின் இரத்தத்திலிருந்து கரியமிலவாயு அளவுக்குமீறி வெளியேறிவிடுகிறது, ஓட்டைச் செய்யத் தேவையான காபனேற்றுக்கு அந்த வாயு வேண்டும். கல்சியம் இருந்தும் ஓடு கட்டாது. ஆகவே முதலில் சூட்டைக் குறையுங்கள், பிறகு சிப்பித்தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள், மாலையில் கட்டாயம் இருக்கவேண்டும், ஏனென்றால் ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. வீட்டு முட்டை ஓட்டையும் கழுவிக் காயவைத்து நொறுக்கிக் கொடுக்கலாம். ஓடு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்குங்கள், இல்லாவிட்டால் சொந்த முட்டையைக் கொத்தப் பழகிவிடும்.

கோழி சாய்ந்தால்

வாயைத் திறந்து மூச்சிரைப்பது மத்தியானத்தில் சாதாரணம். கொண்டை வெளிறி, கண்ணை மூடி, கழுத்தைத் தொங்கப்போட்டு, நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால் அது ஆபத்து. உடனே தூக்கி நிழலுக்குக் கொண்டுபோய், கால் இரண்டையும் தொடை வரைக்கும் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் இறக்குங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், அதிர்ச்சியில் செத்துவிடும். கொண்டையையும் தாடியையும் செட்டைக்கு அடியையும் நனைத்து, விசிறியால் அல்லது ஃபேனால் காற்றுப் பிடியுங்கள். காற்று இல்லாமல் நனைத்துப் பிரயோசனமில்லை, இங்கத்தைய ஈரத்தில் அது தானாக ஆவியாகாது. வாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாக வைத்தால் அதுவாகவே விழுங்கும். தெளிந்த பிறகு அன்றைக்கும் மறுநாளும் எலெக்ட்ரோலைட் என்கிற உப்புச்சத்துத் தூள் கலந்த தண்ணீர், மாலைவரை தனியாக நிழலில்.

அடைக்கோழியை இந்த நேரத்தில் மறந்துவிடுவார்கள். அடை விழுந்த பேடு பெட்டியை விட்டு இறங்காமல், தின்னாமல் குடிக்காமல், அந்தப் புழுக்கத்திலேயே இருந்து மெலியும். குஞ்சு பொரிக்கும் எண்ணம் இல்லையென்றால், அடியில் காற்றுப் போகிற கம்பிக் கூண்டில் தீனும் தண்ணீரும் வைத்து மூன்று நாலு நாள் விடுங்கள், தெளிந்துவிடும்.

ராணிக்கெட் என்கிற கொடிய தொற்றுநோய், அம்மை இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. எப்போது போடுவது, திரும்ப எப்போது என்பதை உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். ஆறு கோழிதானே என்று கூச்சப்படவேண்டாம், அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள். ஊசியை வெயில் உறைக்கும் நேரத்தில் போடாமல் விடிய அல்லது மாலையில் போடச் சொல்லுங்கள், மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கோழி திடீரென்று செத்தால் அறுத்துப் பார்க்காதீர்கள், சமைக்காதீர்கள், கால்வாயில் எறியாதீர்கள், அந்த அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை மிச்சக் கோழிகளை வெளியே விடாமல் வைத்து, கூட்டுக்குள் போன செருப்போடு வேறு கோழி இருக்கிற வீடு எதற்கும் போகவேண்டாம்.